சிக்னல் கல்லில் நின்று பிடித்த சிறுத்தை

வாட்ஸ்அப்பில் "அவதானம், உடனே பகிரவும்" என்று வரும் எந்தச் செய்தியையும் நான் நம்புவதில்லை. இதனால் என்னை விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. கொழும்பில் என்னோடு வேலை செய்யும் பையன்கள், "சதீஸ் அண்ணே ரொம்ப உஷாருப்பா" என்று என் காதுபடவே சொல்வார்கள். விஷயம் அப்படியில்லை. வடை சுடுகிறவன் தன் கடை வடையைத் தொடமாட்டான் பாருங்கள், அந்தக் கதைதான். எந்த எண்ணெயில் சுட்டது என்று அவனுக்குத் தெரியும்.

நான் சுட்டது ஒரு சிறுத்தை.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. புறக்கோட்டையில் ஒரு போன் கடையில், போன்களுக்கு உறை மாட்டுவதும் கண்ணாடி ஒட்டுவதும் வேலை. ஆனால் யாராவது என்ன தொழில் என்று கேட்டால் "ஊடகத்துறை" என்பேன். காரணம், முகநூலில் "பனிமூட்டம் நியூஸ்" என்று ஒரு பக்கம் வைத்திருந்தேன். நிறுவனர், பிரதம ஆசிரியர், செய்தியாளர், படப்பிடிப்பாளர் எல்லாம் நானே. வாசகர்களில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். மீதியில் பாதி, நானே வேறு வேறு பெயர்களில் திறந்த கணக்குகள். (அதில் மதுமிதா என்ற கணக்குக்கு என்னைவிட நண்பர்கள் அதிகம். அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.) "அட்டனில் மழை" என்று போடுவேன். அட்டனில் எப்போது மழை பெய்யவில்லை? ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஒரே ஒரு பெரிய செய்தி கிடைத்தால் போதும், நாடே நம்மைப் பார்க்கும் என்று காத்திருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான், தங்கச்சி சுகந்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா போன் பண்ணினார். லீவு போட்டுக்கொண்டு, புதிதாக வாங்கிய ஜூம் கேமரா போனோடு ஊருக்கு வந்து சேர்ந்தேன்.

எங்கள் தோட்டம் அட்டனுக்கு மேலே. சுகந்தி தோட்டத்து முன்பள்ளியில் டீச்சர். மாப்பிள்ளை ரமேஷ் பொகவந்தலாவைப் பக்கம், கணக்கு வாத்தியார். இருவரும் ஒரு பயிற்சி வகுப்பில் சந்தித்து, போனில் பேசி, எல்லாவற்றையும் முடிவு பண்ணிவிட்டு, "பெரியவங்க பாத்து முடிவு பண்ணட்டும்" என்று பெரியவர்களிடம் விட்டிருந்தார்கள். ஆனால் ரமேஷின் அம்மா பாக்கியம் அம்மா, சும்மா வந்து தலையாட்டிவிட்டுப் போகிற ஆள் இல்லை. கணவர் போன பிறகு கொழுந்து பறித்தே மகனை வாத்தியாராக்கியவர். அவர் வேண்டாம் என்று சொன்னால் ரமேஷ் மறுபேச்சுப் பேசமாட்டான். அது சுகந்திக்கும் தெரியும். அதனால் வரப்போகிற ஞாயிற்றுக்கிழமையை நினைத்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டில் அம்மா ஆடாத ஆட்டம் இல்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். பக்கத்து வீட்டுக் காம்பராவிலிருந்து சோபா இரவல் வாங்கினார். சின்னம்மா குவைத்திலிருந்து அனுப்பி, ஜிப் பையை விட்டு வெளியே வந்தேயிராத சாமான்கள்கூட அந்த வாரம் வெளியே வந்தன. நான் எதையும் கவனிக்கவில்லை. ஊடகத்துறைக்காரனுக்கு வீட்டு வேலை பார்க்க நேரம் ஏது?

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், போனில் பேச மட்டும் முடியும். படம், வீடியோ எதுவும் போகாது. அதற்கென்றால் கீழே கடைத்தெருவுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் கோயிலைத் தாண்டி மேலே ஏற வேண்டும். மேலே ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதற்குப் பெயரே சிக்னல் கல். அதன் உச்சியில் நின்று போனைத் தலைக்கு மேலே தூக்கினால் உலகம் கைக்கு வரும். தோட்டத்துக் காதல்கள், வெளிநாட்டுக்குப் போன அம்மாமாரின் வீடியோ கோல்கள், பரீட்சை முடிவுகள் எல்லாம் அந்தக் கல்லில்தான் நடக்கும்.

வெள்ளிக்கிழமை காலை நான் அந்தக் கல்லில் நின்றேன். சுற்றிலும் பனி. எதிர்ச் சரிவில், எங்கள் லயத்துக்குப் பின்னால் இருக்கும் தேயிலையில், பனி ஒரு நிமிடம் விலகியது. அங்கே மஞ்சளாக ஏதோ தெரிந்தது. போனை எடுத்து ஜூம் பண்ணினேன். மஞ்சள் உடம்பு. கறுப்புப் புள்ளிகள். தேயிலைச் செடிமேல் ஒய்யாரமாகப் படுத்திருந்தது. முகம் நேராக என்னைப் பார்த்தது. வாய்க்குப் பக்கத்தில் சிவப்பாக ஏதோ.

மனிதனாகப் பிறந்தவன் இந்த இடத்தில் என்ன செய்வான்? கத்திக்கொண்டே ஓடிப்போய் லயத்து ஆட்களுக்குச் சொல்வான். அம்மா எங்கே, தங்கச்சி எங்கே என்று தேடுவான். நான் தலைப்பு யோசித்தேன்.

"பிரேக்கிங்! எங்கள் தோட்டத்தில் கொடூரச் சிறுத்தை! வாயில் இரத்தக்கறை! உறவுகளே அவதானம்! பெற்ற பிள்ளைகள்மேல் பாசம் இருந்தால் பகிருங்கள்!" (ஊரில் நாங்கள் சிறுத்தையைப் புலி என்றும் சொல்வோம். ஆனால் இந்த நாட்டில் ஒரு தமிழ்ப் பையன் "எங்கள் தோட்டத்தில் புலி" என்று முகநூலில் போட்டால் தேடி வருகிறவர்கள் வேறு ஆட்கள். அந்த அளவுக்காவது அறிவு வேலை செய்தது.)

படத்தை ஏற்றிவிட்டு நிமிர்ந்தேன். பனி மூடியிருந்தது. மறுபடி விலகியபோது தேயிலைமேல் ஒன்றும் இல்லை. சிறுத்தை லயத்துப் பக்கம் இறங்கிவிட்டது என்று நினைத்துப் பயந்துபோனேன். அந்தப் பயத்திலும் "சிறுத்தை குடியிருப்பை நோக்கி!" என்று இரண்டாவது செய்தியைப் போட்டுவிட்டுத்தான் ஓடினேன்.

மத்தியானத்துக்குள் அந்தச் செய்தி எங்கெங்கோ போய்விட்டது. கடைத்தெருவுக்கு இறங்கிப்போய்ப் பார்த்தேன். போன் நிற்காமல் துடித்தது. இத்தனை நாள் சீந்தாத மாமன் மச்சானெல்லாம் கட்டாரிலிருந்து, டுபாயிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போட்டதில் ஒரு கோளாறு இருந்தது. "எங்கள் தோட்டம்" என்று போட்டேனே தவிர, எந்தத் தோட்டம் என்று போடவில்லை. பகிர்ந்தவர்கள் எல்லாம் "எங்கள் தோட்டம்" என்றே பகிர்ந்தார்கள். பார்த்தவர்கள், பகிர்ந்தவரின் தோட்டம் என்று நம்பினார்கள். நானுஓயாவில் ஒரு சிறுத்தை, தலவாக்கலையில் ஒன்று, மஸ்கெலியாவில் குட்டிகளோடு ஒன்று. சாயங்காலத்துக்குள் மலையகத்தில் தேயிலையைவிடச் சிறுத்தை அதிகமாகிவிட்டது.

எனக்கோ தலைகால் புரியவில்லை. கடைத்தெருவில் சைவக்கடை முதலாளி என்னை உட்காரவைத்து, "தம்பிதான் மொதல்ல பாத்தது" என்று எல்லோருக்கும் காட்டினார். வாழ்க்கையில் முதல் தடவையாக என்னை ஒரு கூட்டம் சுற்றி நின்றது. அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் கூட்டம். நடுவில் அம்மா.

"நான் அங்கதானடா இருந்தேன்!" என்று என்னைக் கட்டிக்கொண்டார். "நீ படம் புடிச்சியே, அந்த எடத்துலதான் காலையில நின்னேன். என் கண்ணுல படவே இல்லையே. ஆத்தாதான்டா காப்பாத்துனா!"

படத்தைப் பார்த்தாரா என்று கேட்டேன். பார்க்கவில்லையாம். பக்கத்துக் காம்பரா அக்கா போனை நீட்டினபோது, "ஐயோ, நெஞ்சு அடைக்குது" என்று கண்ணை மூடிக்கொண்டாராம்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெற்ற தாய் பிழைத்துவிட்டாள் என்றா? அதுவும்தான். ஆனால் அதைவிட, உயிர் தப்பியவரின் பிரத்தியேகப் பேட்டி வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிட்டது. போனை நிமிர்த்திப் பிடித்தேன்.

"அம்மா, அங்க என்னா செஞ்சீங்க?"

"வெறகு பொறுக்கப் போனேன்." சொல்லும்போது சுற்றியிருந்தவர்களை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

"சிறுத்தையப் பாத்தீங்களா?"

"இல்ல. பாத்திருந்தா இங்க நின்னு பேசிக்கிட்டா இருப்பேன்?"

இது செய்திக்கு உதவாது. "சரி, ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"காத்துச் சத்தம் கேட்டுச்சு."

"உறுமுற மாதிரியா?"

அம்மா யோசித்தார். "இப்ப நீ கேக்குறப்ப, உறுமுற மாதிரியும்தான் இருந்துச்சு."

"முதுகுக்குப் பின்னாடியா?"

"ஆமா. பின்னாடிதான்!"

மறுபடி கடைத்தெருவுக்கு ஓடி இந்தப் பேட்டியையும் ஏற்றினேன். இந்தத் தடவை தோட்டத்தின் பெயரையும், அம்மாவின் பெயரையும், இன்னாரின் மனைவி என்பதையும் ஒன்றுவிடாமல் போட்டேன். ராத்திரி அடுப்படியில் அம்மா அதே கதையை மறுபடி சொன்னபோது, சிறுத்தையின் மூச்சுக் காற்று பிடரியில் சுட்டது. அம்மா பொய் சொல்லவில்லை. தான் சொல்வதை அவரே முழுசாக நம்பினார்.

அப்பா மட்டும் அசையவில்லை. அவரிடம் போன் கிடையாது. ஒரு பழைய ரேடியோ உண்டு. "ரேடியோவுல சொல்லட்டும், நம்புறேன்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை காலை பெரட்டுக் களத்தில், வேலைக்குப் பெயர் கொடுக்க வந்த பெண்கள் அந்த மலைக்கு ஏறமாட்டோம் என்று கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். வெளிவேலைக்குப் பொறுப்பான கண்டாக்கு கோபமாக வந்தார்.

"சிறுத்தைய நேர்ல பாத்தது யாரு?"

எல்லாக் கைகளும் எங்கள் அம்மாவைக் காட்டின.

"பாக்கலைங்க ஐயா," என்றார் அம்மா. "ஆனா அது என்னையப் பாத்துச்சுங்க."

கண்டாக்கு தலையில் அடித்துக்கொண்டு, பெண்களை வேறு மலைக்கு அனுப்பிவிட்டு, வனவிலங்கு அதிகாரிகளுக்கு அறிவித்தார். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் பொகவந்தலாவையிலிருந்து போன் வந்தது. பேசியது பாக்கியம் அம்மாவின் அண்ணன், ரமேஷின் தாய்மாமன். அப்பா அம்மாவின் போனை வாங்கி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. பொண்ணோட அம்மா பேசுற வீடியோவ என் தங்கச்சி பாத்துருச்சு. நாளைக்கு ஒரு கல்யாணம்னு ஆனா, தலப்பிரசவத்துக்குப் பொண்ண ஒங்க வீட்டுக்குத்தானே அனுப்பணும்? சிறுத்தை வந்து போற லயத்துக்குப் பச்சப்புள்ளய எப்புடி அனுப்புறதுன்னு கேக்குது. போன்ல வேணாம்னு சொல்றது மரியாதையில்லீங்க. நாளைக்கு நேர்ல வந்தே ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிர்றோம்."

இன்னும் பெண்ணையே பார்க்கவில்லை. அதற்குள் பிள்ளை பிறந்து சிறுத்தையிடம் மாட்டிக்கொண்டாகிவிட்டது. அம்மா அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சுகந்தி அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அழவில்லை. நாளைக்குக் கட்டுவதற்காகக் கொடியில் போட்டிருந்த சேலையை எடுத்து, மடித்து, பெட்டியில் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, படத்தப் போட முந்தி ஒருக்கா கிட்டப் போயி பாத்திருக்கலாம்ல?"

"சிறுத்தைய யாராச்சும் கிட்டப் போயி பாப்பாங்களா?"

"நீ போயிருக்கணும்," என்றாள். "என் கல்யாணம் நின்னுச்சுன்னா ஒன்னையச் சிறுத்தை திங்காது. நான் தின்னுருவேன்."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கவில்லை. என் தங்கச்சி எதற்கும் சிரிக்கிறவள். அவள் சிரிக்காமல் இருந்ததைப் பார்த்தபோதுதான், இரண்டு நாளாகத் தலைக்கு ஏறியிருந்த போதை எனக்கு இறங்கியது.

செய்தியைத் திரும்பப் பெறுவது என்று முடிவு செய்தேன். "சிறுத்தை இல்லை, தவறான தகவல்" என்று போட்டால் பாக்கியம் அம்மாவின் மனம் மாறும் அல்லவா? சிறுத்தை இருப்பது எனக்குத் தெரியும். ஆனால் தங்கச்சிக்காக ஒரு பொய் சொல்லலாம், குற்றமில்லை. எங்கே நின்று போடுவது? கடைத்தெருவில் நான் கதாநாயகன். அங்கே நின்றுகொண்டு அதைச் செய்ய முடியாது. சிக்னல் கல்தான் வழி.

ஆனால் அங்கே சிறுத்தை இருக்கிறது.

இரண்டு நாளாக அந்தக் கல்லுக்கு ஒரு ஈ காக்கை போகவில்லை. நான் போனேன். ஒரு கையில் மண்ணெண்ணெய்த் தகரம், மறு கையில் தடி. டங், டங் என்று அடித்துக்கொண்டு, "ஆத்தா, தாயே" என்று முனகிக்கொண்டு, நாலு அடிக்கு ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டு ஏறினேன். கல்லின்மேல் நின்று, சுற்றிச் சுற்றிப் பார்த்தபடி இப்படி எழுதினேன்: "எங்கள் தோட்டத்தில் சிறுத்தை கிடையாது. யாரும் பயப்பட வேண்டாம்."

அதற்கு மூன்று பேர் விருப்பம் தெரிவித்தார்கள். ஒருத்தி மதுமிதா. கீழே கருத்துகள் வந்தன. "யார் தம்பி உங்களை மிரட்டினது?" "பெரிய இடத்திலிருந்து பிரஷர் போல." "இல்லைன்னு சொல்றாங்கன்னா கட்டாயம் இருக்கு." இது போதாதென்று, கீழ் லயத்திலிருந்து யாரோ நான் தகரம் அடிக்கும் சத்தத்தை வீடியோ எடுத்து, "சிறுத்தையை விரட்டப் போராடும் மக்கள், நேரடிக் காட்சி" என்று போட்டுவிட்டார்கள். என் மறுப்பை யாரும் பகிரவில்லை. தகரச் சத்தம் தீவு முழுக்கக் கேட்டது.

ஞாயிறு காலை அப்பா வழக்கம்போல ரேடியோவைத் திருகினார். ஏதோ ஒரு எஃப்.எம்மில் ஒரு பெண் குரல் உற்சாகமாகச் சொன்னது: மலையகத் தோட்டம் ஒன்றில் சிறுத்தை நடமாட்டம், மக்கள் தகரம் அடித்து விரட்டுகிறார்களாம். அப்பா ரேடியோவை நிறுத்தினார். எழுந்துபோய், தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக் கதவோரம் சாத்தினார். எனக்கும் பயம் கூடிவிட்டது. ரேடியோவே சொல்லிவிட்டது, இனி என்ன சந்தேகம்? அந்தச் செய்தி எங்கிருந்து கிளம்பியது என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

பத்து மணி வாக்கில் வேன் வந்தது. ரமேஷ், பாக்கியம் அம்மா, தாய்மாமன். ரமேஷின் முகம் தொங்கிப்போயிருந்தது. பாக்கியம் அம்மா வேனைவிட்டு இறங்குமுன் தேயிலையை நாலாபுறமும் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வந்தவர்களாக இருந்தாலும் விருந்தாளிகள் அல்லவா? அம்மா அவசர அவசரமாக உள்ளே ஓடி, இரவல் சோபாவின் கிழிசல் தெரியாமல் எதையோ விரித்துப் போட்டார். மூவரும் வரிசையாக அதில் உட்கார்ந்தார்கள். நான் குற்றவாளி என்பதால் இஸ்தோப்புத் திண்ணையிலேயே, வாசல் நிலையை ஒட்டி நின்றுகொண்டேன்.

அந்த நேரம் பார்த்து, மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வனவிலங்கு அதிகாரி வந்து சேர்ந்தார். இளம் ஆள், சிங்களவர், நல்ல மரியாதை. தமிழும் கொஞ்சம் வந்தது. காலடித் தடம் எதுவும் இல்லையாம். படம் எடுத்தவரைப் பார்க்க வேண்டுமாம். என் படத்தைத் தன் போனில் பெரிதாக்கி வைத்திருந்தார்.

"மல்லி, இந்த ரத்தம் எப்டி வந்தது? வேட்டை ஆடின மிருகம் ஒண்ணும் கெடைக்க இல்லயே," என்றார். (மல்லி என்றால் தம்பி.)

உள்ளே பாக்கியம் அம்மா தொண்டையைச் செருமிக்கொண்டார். "நாங்க ஒரு வார்த்த சொல்லிட்டுப் போகத்தான் வந்தோம்..."

அந்த வார்த்தையைக் கொஞ்சமாவது தள்ளிப்போடலாம் என்று அம்மா, "மொதல்ல தண்ணி குடிங்க, தேத்தண்ணி குடிங்க" என்று பதறி, சுகந்தியைக் கூப்பிட்டார். சுகந்தி சாதாரணச் சேலையில், தட்டோடு வந்தாள். வாசலில் அதிகாரி நீட்டிக்கொண்டிருந்த போனை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பாக்கியம் அம்மாவுக்குத் தேத்தண்ணி கொடுக்கக் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை. தட்டு மெதுவாக ஆடத் தொடங்கியது. பயத்தில் நடுங்குகிறாள் என்று நினைத்தேன். பார்த்தால், சிரிப்பை அடக்குகிறாள்.

"அத்தை," என்றாள். "கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"

"ஏம்மா?"

"நீங்க சிறுத்தை மேல ஒக்காந்திருக்கீங்க."

பாக்கியம் அம்மா எழுந்த வேகத்தில் தேத்தண்ணி முழுவதும் தாய்மாமனின் வேட்டியில் போனது. அங்கே, சோபாவின்மேல், மஞ்சள் உடம்பும் கறுப்புப் புள்ளிகளுமாக, என் கொடூரச் சிறுத்தை ஒய்யாரமாகப் படுத்திருந்தது. வாய்க்குப் பக்கத்தில் பெரிய சிவப்பு ரோஜாப்பூ.

அது சின்னம்மா குவைத்திலிருந்து அனுப்பிய கனத்த போர்வை. எங்கள் பக்கத்தில் யாராவது ஒருவர் வெளிநாடு போன வீட்டில் எல்லாம் ஒன்று இருக்கும். எங்கள் வீட்டுப் போர்வை இத்தனை வருடமாக வெறும் பழுப்பு நிற உள்பக்கம் தெரிய மடித்து, ஜிப் பைக்குள்ளேயே கிடந்ததால் நான் அதன் முகத்தைப் பார்த்ததே இல்லை.

அதிகாரி உள்ளே வந்து போர்வையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். போனைப் பார்த்தார். போர்வையைப் பார்த்தார். "ஓக்க தமய் நேத, மல்லி?" என்றார். (இதுதானே அது?) சீருடையில் இருந்ததால் சிரிக்கக் கூடாது என்று அவர் பட்ட பாட்டை நான் மறக்கமாட்டேன்.

"ஐயோ!" என்று அம்மா கத்தினார். "பூச்சி உருண்டை நாத்தம் அடிக்குதுன்னு வெள்ளிக்கிழம இதத் தேயிலை மேல காயப்போட்டேனே!"

"வெறகு பொறுக்கப் போனேன்னு சொன்னே?" என்றார் அப்பா.

"தேயிலைல துணி காயப்போட்டா கண்டாக்கையா ஏசுவாருல்ல. அதான். அப்புறம் தூத்தல் விழவும் எடுத்துட்டு வந்துட்டேன்."

"அப்ப முதுகுக்குப் பின்னாடி உறுமுனது?"

அம்மா அதிகாரியின் கையிலிருந்து போர்வையை வாங்கி மடித்தார். பிறகு, "அது நெசமாவே உறுமுச்சு," என்றார். இன்றுவரை அந்தச் சாட்சியத்திலிருந்து அவர் பின்வாங்கவில்லை.

எனக்கு அங்கேயே பூமி பிளக்கக் கூடாதா என்று இருந்தது. உண்மை என்று நம்பி நான் பரப்பியது முழுப் பொய். பொய் என்று நினைத்தே, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கல்லில் ஏறிப் போட்டது மட்டும்தான் சுத்தமான உண்மை. அதைத்தான் ஒருவரும் நம்பவில்லை.

இப்போது எல்லோரும் பாக்கியம் அம்மாவையே பார்த்தோம். சிறுத்தை இல்லை, சரி. ஆனால் பெண் பார்க்க வந்த இடத்தில், பெரியவர்கள் முன்னால், பெண் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முயன்றாள், முடியவில்லை. ரமேஷ் தலை குனிந்தபடி தோளைக் குலுக்கினான். அவனும் அதே நோயில் இருந்தான். பாக்கியம் அம்மா சுகந்தியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், கடைசியாக என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"பொண்ணுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு," என்றார். "அண்ணனுக்குத்தான் கோளாறு. நாங்க பொண்ணத்தானே கூட்டிட்டுப் போகப்போறோம்."

அம்மா அழுதே விட்டார். தாய்மாமன் தேத்தண்ணி வேட்டியோடு வெற்றிலைத் தட்டை இழுத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது. அதை யாரும் பார்க்கவில்லை, பார்த்திருந்தாலும் கண்ணில் கோளாறு என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கல்யாணம் அட்டனில் நடந்தது. வந்த அன்பளிப்புகளில் ஏழெட்டுச் சிறுத்தைப் போர்வைகள் இருந்தன. கண்டாக்கு அம்மாவுக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கொண்டுவந்தார். பிரித்தால் துணி காயப்போடும் கொடிக்கயிறு. அடுத்த வருடம் சுகந்தி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். பிள்ளையைப் பார்க்க வந்த பாக்கியம் அம்மா, குழந்தை அந்தப் போர்வைமேல் தூங்குவதைப் பார்த்துவிட்டு, "கடைசில சிறுத்தைகிட்டயே படுக்க வச்சிட்டீங்களேடி" என்றார். அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அவள் என்னைக் கூப்பிடுவது சிறுத்தை மாமா.

பனிமூட்டம் நியூஸை அன்றே மூடிவிட்டேன். மூடுவதற்கு முன், போர்வையையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உண்மையைப் போட்டேன். "நல்ல எடிட்டிங்" என்று ஒருவர் பாராட்டினார். என் பக்கம் செத்தாலும் சிறுத்தை சாகவில்லை. ஒவ்வொரு பனிக்காலத்திலும் புதிதாகப் பிறந்து, ஏதாவது ஒரு குழுவில் ஏதாவது ஒரு தோட்டத்தின் பெயரோடு வந்து நிற்கும். ஒரு தடவை நான், "இது எங்க வீட்டுப் போர்வைங்க" என்று எழுதினேன். "வதந்தி பரப்ப வேண்டாம்" என்று சொல்லி என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

போன மாதம் கடையில் நிற்கும்போது போன் துடித்தது. அதே படம். அதே ரோஜா இரத்தம். மேலே, "நல்லதண்ணித் தோட்டத்தில் கொடூரச் சிறுத்தை, அவதானம், உடனே பகிரவும்." அனுப்பியவர் எங்கள் அம்மா. சுகந்தி அவருக்கு ஒரு நல்ல போன் வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

"அம்மா, நல்லாப் பாருங்க. இது நம்ம வீட்டுப் போர்வை," என்று குரல் செய்தி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

"அது எனக்குத் தெரியாதாடா? நான்தானே காயப்போட்டேன். ஆனா இதுல நல்லதண்ணின்னு போட்டிருக்கே. அங்க நெசமாவே வந்திருந்தா என்னா பண்றது? எதுக்கும் நாலு பேருக்கு அனுப்பி விடு."